ரேவாவுக்குப் பதில் சொன்னவள்

ஆலையில் எல்லாருக்கும் ஒரு பேர் இருந்தது. அன்பரசிக்கு மட்டும் ஓர் அறையின் பேர்.

கோல சிலாங்கூரிலிருந்து பெஸ்தாரி ஜெயாவுக்குப் போகிற சாலையில், செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிற எண்ணெய் ஆலை அது. லோரியில் வந்து இறங்கும் குலைகளை நீராவியில் வேகவைத்து, உதிர்த்து, பிழிந்து எண்ணெய் எடுப்பார்கள். பக்கத்தில் நிற்கிறவன் கத்தினாலும் காதில் விழாத இரைச்சல். அதனால் ஆளுக்கொரு வாக்கி டாக்கி கொடுத்திருந்தார்கள். வாக்கி என்றுதான் சொல்வார்கள். அதில் முழுப் பேரைச் சொல்லிக் கூப்பிட யாருக்கும் பொறுமை கிடையாது. பாய்லரைப் பார்த்துக்கொள்ளும் சிவானந்தம் ‘கேப்டன்’. வருகிற லோரிகளை எடை போடும் நாகமணி அக்கா ‘மகாராணி’. பிழியும் இயந்திரத்தை ஓட்டுகிற தேவன் ‘நெத்திலி’.

அன்பரசி ஆய்வகத்தில் இருந்தாள். வேதியியல் பட்டதாரி. எண்ணெயில் அமிலம் எவ்வளவு, ஈரம் எவ்வளவு, பாய்லர் தண்ணீர் எப்படி இருக்கிறது என்று பார்த்துச் சொல்வது அவள் வேலை. அவளை ‘லேப்’ என்றார்கள். “லேப், லேப், எண்ண ரெடி” என்று வாக்கி கூப்பிடும். அவள் பாட்டிலை எடுத்துக்கொண்டு போவாள். அவள் காய்ச்சலில் படுத்திருந்த நாள்களிலும் வாக்கி ‘லேப்’ என்றுதான் கூப்பிட்டது. யாரோ போனார், யாரோ எடுத்து வந்தார். அன்பரசி இல்லை என்பது வாக்கிக்குத் தெரியவே இல்லை.

அதுவும் போகட்டும் என்றுதான் இருந்தாள். உஷாராணி வந்து சேரும் வரைக்கும்.

உஷாராணி செரண்டாவில் ஒரு தொழிற்சாலையில் இருந்துவிட்டு வந்தவள். ஆய்வகத்துக்கு இரண்டாவது ஆள் வேண்டும் என்று எடுத்தார்கள். வந்த முதல் நாள் காலையிலேயே, தேவனின் இயந்திரத்துக்கு அருகில் எண்ணெய் படிந்த தரையில் வழுக்கி உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்தபடியே வாக்கியை எடுத்து, “ஹலோ, யாராச்சும் பாத்தீங்களா? பாத்திருந்தா மறந்துருங்க” என்றாள். ஆலையே சிரித்தது. பாய்லரிலிருந்து கேப்டன், “சறுக்குமரம், சறுக்குமரம், இடுப்பு நல்லாருக்கா?” என்று கேட்டார். “இடுப்பு நல்லாருக்கு கேப்டன், தரைக்குத்தான் அடி” என்றாள் உஷா. மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் அவளுக்குப் பேர் வந்துவிட்டது. அந்த மாதம் முடிவதற்குள் ‘ரேடியோ’ என்று இன்னொன்று. பிறகு ‘பொம்மாயி’. வளையல் மாற்றுகிற மாதிரி மாற்றிக்கொண்டாள்.

அன்பரசியும் அங்கே விழுந்திருக்கிறாள். வேலைக்கு வந்த முதல் வாரத்தில். யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு எழுந்தாள். கழிப்பறையில் பாவாடையைக் கழுவிக்கொண்டு, ஈரத்தோடு வேலை செய்தாள். நாள் முழுக்க எண்ணெய் வாடை. அதே தரை, அதே எண்ணெய், கிட்டத்தட்ட அதே இடம். அவள் விழுந்தது அவளுக்கு மட்டும் தெரியும்.

கண்ணாடிக் குடுவையில் எண்ணெயைக் கரைத்து, மேலிருந்து காரத்தைச் சொட்டுச் சொட்டாக விடும்போது அவள் இதை நினைப்பாள். சொட்டு விழுகிற இடத்தில் லேசாக ரோஜா நிறம் வரும், கலக்கினால் போய்விடும். அடுத்த சொட்டிலும் வரும், போய்விடும். ஏதோ ஒரு சொட்டில் நிறம் நின்றுவிடும். பிறகு எவ்வளவு கலக்கினாலும் போகாது. உஷாவைப் பார்க்கும்போது அவளுக்குள் விழுந்துகொண்டிருந்ததும் அப்படித்தான். உஷா சிரித்தால் ஒரு சொட்டு. யாராவது அவளைக் கூப்பிட்டால் ஒரு சொட்டு. ‘பொம்மாயி’ என்று கேப்டன் நீட்டிக் கூப்பிட்ட அன்று நிறம் நின்றது.

வருடா வருடம் ஆலையில் ஆயுத பூசை நடக்கும். இயந்திரங்களுக்குச் சந்தனம் வைத்து, வாழைமரம் கட்டி, எல்லாரும் ஒரே நிறத்தில் டீசட்டை போடுவார்கள். முதுகில் அவரவர் வாக்கிப் பேர் பெரிதாக அச்சடித்திருக்கும். நாகமணி அக்காதான் சட்டைக்கு ஏற்பாடு. போன வருடம் அன்பரசியின் முதுகில் ஒன்றும் இல்லை. புது ஆள் என்று விட்டுவிட்டார்கள். பூசைப் படத்தில் எல்லாரும் முதுகைக் காட்டி நின்றபோது, அவளுடையது மட்டும் துவைத்த துணி மாதிரி வெறுமையாக இருந்தது. இந்த வருடம் ‘லேப்’ என்று போடுவார்கள். கதவில் மாட்டுகிற பலகையை முதுகில் மாட்டிக்கொண்டு நடக்க வேண்டும். பக்கத்தில் உஷா நிற்பாள்.

பூசைக்குள் தனக்கு ஒரு பேர் வேண்டும் என்று அன்பரசி முடிவு செய்தாள். மற்றவர்கள் வைக்கக் காத்திருந்து பயனில்லை. தானே தேர்ந்தெடுப்பது என்று தீர்மானித்தாள்.

தேர்ந்தெடுப்பதை ஒழுங்காகச் செய்தாள். ‘மின்மினி’ என்ற பேர்தான் முதலில் தோன்றியது. கம்போங் குவாந்தானில் மின்மினி பார்க்கப் போகிற படகிலும், அங்கே விற்கிற சாவிக்கொத்திலும் அது இருக்கிறது, வேண்டாம். ‘அன்பு’ என்றால் கெஞ்சுகிற மாதிரி இருந்தது. பாய்லருக்கு முதுகைக் காட்டி நின்று ஒவ்வொரு பேராகச் சொல்லிப் பார்த்தாள். ச, ஷ எல்லாம் நீராவிச் சத்தத்தில் கரைந்துபோயின. ஆகாரத்தில் முடிகிற பேர்தான் தூரம் போனது. இரண்டு எழுத்துக்கு மேல் வேண்டாம். தெரிந்தவர்கள் யாருக்கும் இருக்கக் கூடாது. அப்படி வடிகட்டி வடிகட்டி ‘ரேவா’ என்பது கிடைத்தது. சொன்னதும் உதடு கடைசியில் திறந்தே நின்றது. அது அவளுக்குப் பிடித்திருந்தது.

சரியாக வருகிறதா என்று பார்க்க, சனிக்கிழமை கோல சிலாங்கூர் டவுனில் பபிள் டீக் கடைக்குப் போனாள். அங்கே பேர் கேட்டுத்தான் கோப்பையில் ஒட்டுவார்கள். வழக்கமாக ‘அன்பரசி’ என்று சொல்லி, கல்லாவில் நிற்கிற மலாய்ப் பெண் விழித்து, கடைசியில் ‘ஆசி’ என்று ஏதோ ஒட்டப்பட்டு வரும். அன்று, “ரேவா” என்றாள். அந்தப் பெண் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் தட்டினாள். கொஞ்ச நேரத்தில், “ரேவா!” என்று கடை முழுக்கக் கேட்கும்படி கூப்பிட்டாள். அன்பரசி எழுந்து போனாள். ரேவாவின் நடை சற்று வேகமாகத்தான் இருந்தது. குடித்து முடித்த கோப்பையை எறிய மனம் வரவில்லை. கழுவி ஆய்வகத்துக்குக் கொண்டு வந்து, தொட்டிக்கு அடியில் உள்ள அலமாரியில், உடைந்த குழாய்களுக்குப் பின்னால் வைத்தாள்.

ஆனால் பேரைத் தேர்ந்தெடுப்பது பாதி வேலைதான். வாக்கிக்கு ஒரு வழக்கம் இருந்தது. தனக்குத் தானே வைத்துக்கொண்ட பேரை அது ஏற்காது. இன்னொருவர் கூப்பிட வேண்டும். கூப்பிட்டதற்கு யார் பதில் சொல்கிறாரோ அந்தப் பேர் அவருக்கு. தேவன் வந்த புதிதில், “இனிமே நான் ஷார்க்” என்று வாக்கியில் அறிவித்தானாம். யாரும் வாயைத் திறக்கவில்லை. சற்று நேரம் கழித்து கேப்டன், “நெத்திலி, நெத்திலி, உன் மெசின் பொகையுது” என்றார். உண்மையாகவே புகைந்துகொண்டிருந்தது. தேவன் பதறிப்போய், “இதோ வரேண்ணே” என்றான். அவ்வளவுதான். இரண்டு பிள்ளைக்கு அப்பன் ஆகியும் அவன் நெத்திலிதான்.

ஆக, யாராவது ஒருவர் ‘ரேவா’ என்று கூப்பிட வேண்டும். உஷா கூப்பிட்டால் போதும், ஒரே நாளில் ஆலை முழுக்க ஒட்டிக்கொள்ளும். அது அன்பரசிக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. ஒருநாள் குடுவைகளைக் கழுவிக்கொண்டே உஷாவே கேட்டாள், என்ன எப்போது பார்த்தாலும் யோசனை என்று. சொல்லிவிட்டால் முடிந்தது. வாய்வரை வந்தது. ஒன்றுமில்லை என்றாள் அன்பரசி. உஷாவின் வாயால் வந்த பேர் என்றால் அது உஷா கொடுத்ததாகிவிடும். அவள் கழற்றிப் போட்ட வளையலை எடுத்துப் போட்டுக்கொள்வது போல. அதைவிட முதுகில் வெறும் துணியோடே நிற்கலாம்.

தேவனிடம் கேட்டாள். எண்ணெய் எடுக்கிற குழாயருகே, நாலு வார்த்தையில், அவன் முகத்தைப் பார்க்காமல். பேர் விஷயத்தில் அடிபட்டவன் ஆனதால் அவன் சிரிக்கவில்லை.

“ரேவாவா? நல்லாத்தான் இருக்கு தங்கச்சி. நாளைக்குக் காலைல கூப்பிடறேன். நீ டக்குனு பதில் சொல்லிரணும். விட்டுட்டா அவ்வளவுதான்.”

மறுநாள் காலை அன்பரசி வாக்கியை மேசை மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உஷா பாய்லர் பக்கம் தண்ணீர் எடுக்கப் போயிருந்தாள். எல்லாம் தோதாக இருந்தது.

“ரேவா, ரேவா,” என்றது வாக்கி தேவனின் குரலில், “எண்ண ரெடி.”

வாக்கியில் பொத்தானை அமுக்கிய உடனே பேசக் கூடாது. ஒரு மூச்சு பொறுத்துப் பேச வேண்டும், இல்லாவிட்டால் பேச்சு போகாது. ஆலையில் முதல் நாள் சொல்லித் தருகிற பாடம் இது. ஒரு வருடமாக அதில் அன்பரசி ஒரு தடவைகூடத் தவறியதில்லை. அன்று அவள் பேர் காற்றில் கேட்டதும் எல்லாம் மறந்துபோயிற்று. அமுக்கினாள், அமுக்கும்போதே “ரேவா வரேன்” என்றாள், பயத்தில் விரலை எடுத்துவிட்டாள். கிரக் என்று ஒரு சத்தம் மட்டும் ஆலைக்குள் போனது.

தேவன் மறுபடி கூப்பிட்டான். அவள் மறுபடி அமுக்குவதற்குள் உஷாவின் குரல் வந்துவிட்டது.

“ரேவா இங்க, ரேவா இங்க. பாய்லர்ல இருக்கா, வந்துகிட்டே இருக்கா, கொஞ்சம் வெய்ட் பண்ணு லா.”

யாரோ புதிதாக ஒரு பேர் சொல்லிக் கூப்பிட்டால் அது தன்னைத்தான் என்று உஷா எடுத்துக்கொண்டாள். அவளுக்கு வேறு எப்படித் தோன்றும்? வாக்கியில் தேவன் சற்றுத் திணறுவது கேட்டது. “ஆ… சரி, வா” என்றான். கேப்டன், “ரேவாவா? அடேங்கப்பா, நெத்திலி நல்ல பேரா வச்சிருக்கானே” என்றார். முடிந்தது.

பிறகு எண்ணெய் எடுக்கப் போனபோது தேவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு, தன்னால் என்ன செய்ய முடியும், அவள்தான் பதில் சொல்லவில்லையே என்றான். பதில் சொன்னேன் என்றாள் அன்பரசி. அது அவளுக்கே கேட்கவில்லை.

அதற்குப் பிறகு வந்த நாள்கள் கொடுமை. ‘ரேவா’ என்று வாக்கி கூப்பிடும் ஒவ்வொரு முறையும் அன்பரசியின் கை தானாக இடுப்பில் செருகிய வாக்கிக்குப் போகும். உஷா பதில் சொல்லுவாள். அவளுக்கு அந்தப் பேர் மற்றவற்றைவிட மிகவும் பிடித்துவிட்டது. தலைக்கவசத்தில் கருப்பு மையால் எழுதிக்கொண்டாள். நாகமணி அக்காவிடம் போய், சட்டையில் ரேவா என்றே போடச் சொல்லிவிட்டு வந்து, அன்பரசியிடம் அதைச் சந்தோசமாகச் சொன்னாள்.

“மத்ததெல்லாம் கிண்டல்டி. இது ஒண்ணுதான் பேரு மாதிரி இருக்கு. இல்ல?”

ஆமாம் என்றாள் அன்பரசி. கையில் இருந்த குடுவையை உடைக்காமல் கீழே வைப்பது கஷ்டமாக இருந்தது. அவள் பொறுக்கி எடுத்த பேர். பாய்லருக்கு முதுகைக் காட்டிச் சோதித்த பேர். அது உஷாவின் தலையில் உட்கார்ந்திருந்தது. அதுவும் பொருத்தமாக உட்கார்ந்திருந்ததுதான் தாங்க முடியவில்லை. ரேவா எப்படி நடப்பாள், எப்படிச் சிரிப்பாள் என்று அன்பரசி மனதில் வைத்திருந்தாளோ, உஷா அப்படியே நடந்தாள், அப்படியே சிரித்தாள்.

சட்டைக்குப் பேர் கொடுக்க ஒரு வாரம் இருக்கும்போது, மதியம் இயந்திரங்கள் சற்றுத் தணிந்திருந்த நேரத்தில், கேப்டன் வாக்கியில் பேச்சுக் கொடுத்தார். ரேவா, ரேவா என்கிறோமே, அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். தனக்குத் தெரியாது என்றாள் உஷா. யாருக்காவது தெரியுமா என்று கேட்டாள்.

அன்பரசி பொத்தானை அமுக்கினாள். இந்தத் தடவை ஒரு முழு மூச்சு பொறுத்தாள்.

“தெரியும். எங்க மாமா வீட்டு ஆட்டுப் பேரு.”

விரலைப் பொத்தானிலிருந்து எடுக்கவில்லை.

“சுங்கை பஞ்சாங்ல,” என்றாள். “துணியெல்லாம் திங்கும்.”

மாமா புவனேசனுக்குச் சுங்கை பஞ்சாங்கில் ஆடுகள் உண்டு. எந்த ஆட்டுக்கும் அவர் பேர் வைத்ததில்லை.

“யாரு அது பேசறது?” என்றார் கேப்டன்.

“லேப்,” என்றார் நாகமணி அக்கா.

பிறகு கேப்டன் பொத்தானை அமுக்கி, நிதானமாக, நீளமாக, “மே…” என்றார். அதற்குப் பிறகு யார் யாரெல்லாம் கத்தினார்கள் என்று சொல்ல முடியாது. பூட்டிய கொட்டகைக்குள் ஆட்டு மந்தையை விட்ட மாதிரி வாக்கி கத்திக்கொண்டே இருந்தது. லோரியில் குலை கொண்டு வந்தவர்கள்கூட இறங்கி வந்து என்னவென்று கேட்டார்கள்.

மாலை எண்ணெய் எடுக்கப் போனபோது தேவன் அவளையே பார்த்தான். “ஒம் பேர நீயே அறுத்துட்டியே தங்கச்சி” என்றான்.

தனக்கு இல்லாதது அவளுக்கும் வேண்டாம். அன்பரசி நினைத்தது அவ்வளவுதான். அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினாள்.

மறுநாளிலிருந்து உஷா ‘ரேவா’ இல்லை. ‘ஆடு’. “ஆடு, ஆடு, தண்ணி எடுத்தியா?” என்று கேட்டார்கள். அவள் பிழியும் இயந்திரத்தின் பக்கம் போனால் யாராவது செம்பனை ஓலையை நீட்டினார்கள். முதல் நாள் உஷாவும் கூடவே கத்தினாள். அடுத்த நாள் சிரித்தாள். அதற்கடுத்த நாள் சிரிப்பு வாயோடு நின்றது. தலைக்கவசத்தில் எழுதியிருந்ததை ஆய்வகத்து அசிட்டோனில் துணியை நனைத்துத் துடைத்தாள். எழுத்து போய், அந்த இடத்தில் பிளாஸ்டிக் வெளுத்து, துடைத்த அடையாளம் நின்றது.

அன்பரசி பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். சந்தோசமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தச் சந்தோசம் இரண்டு நாள்கூடத் தாங்கவில்லை. மூன்றாம் நாள் வேறொன்று உறைத்தது. ஆட்டைக் கொண்டுவந்தது அவள். அவள் வாழ்க்கையிலேயே வாக்கியில் சொன்ன முதல் வேடிக்கை அது. அதை ஆலையே சிரித்துக் கொண்டாடியது. ஆனால் அந்த ஆடும் உஷாவிடமே போய்ச் சேர்ந்துவிட்டது. நாளெல்லாம் வாக்கி யாரைக் கூப்பிட்டது? உஷாவை. யாரைப் பார்த்து மே என்றார்கள்? உஷாவைப் பார்த்து. அன்பரசியிடம் வந்தபோது மறுபடி, “லேப், லேப், எண்ண ரெடி” என்றார்கள். கேலியும் கிடைக்காமல் போனது. தன்னைப் பார்த்து ஒருவர்கூட மே என்று சொல்லவில்லையே என்று அவளுக்கு அழுகை வந்தது. இப்படியும் ஒரு பொறாமை உண்டா என்று தன்னைத் தானே கேட்டுக்கொண்டாள். இருந்தது.

பேர் கொடுக்கக் கடைசி நாள். நாகமணி அக்கா ஆய்வகத்துக்கு வந்து கதவில் சாய்ந்து நின்றார். உஷா ‘ரேவா’வை எடுத்துவிட்டு ‘ரேடியோ’ என்றே போடச் சொன்னாளாம். “ஒனக்கு என்னம்மா போட? லேப்னே போட்டுறவா?” என்று கேட்டார். அன்பரசி தலையைக் குனிந்துகொண்டு, சாயங்காலம் சொல்வதாகச் சொன்னாள்.

அவர் போனதும், உஷா குடுவை கழுவுகிற தூரிகையைத் தேடித் தொட்டிக்கு அடியில் உள்ள அலமாரியைத் திறந்தாள். உடைந்த குழாய்களை நகர்த்துகிற சத்தம் கேட்டது. பிறகு சத்தமே இல்லை. அன்பரசி திரும்பிப் பார்த்தபோது உஷா அந்தக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு ஒட்டியிருந்த தாளைப் படித்துக்கொண்டிருந்தாள். பேர், சீனி அளவு, தேதி. தேவன் வாக்கியில் கூப்பிட்டதற்கு முந்திய தேதி.

“ஏய் அன்பு,” என்றாள் உஷா. “உங்க மாமா வீட்டு ஆடு பபிள் டீ குடிக்குமா?”

அன்பரசி கையிலிருந்த பாட்டிலைக் கீழே வைத்தாள்.

“சீனி கம்மியாத்தான் குடிக்குமா?”

“நான் வச்சது,” என்றாள் அன்பரசி. “எனக்கு வச்சது.”

உஷா தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். கோபப்பட ஆரம்பித்து, நடுவில் எங்கேயோ நின்றுவிட்ட முகம். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, அன்றைக்கே கொடுத்திருப்பேனே என்றாள். உன்னிடம் கேட்கப் பிடிக்கவில்லை என்றாள் அன்பரசி. ஏன் என்றாள் உஷா.

“ஒனக்கு நெறைய இருக்கு.”

“நெறையவா? சறுக்குமரம், ரேடியோ, பொம்மாயி, இப்ப ஆடு. வேணுமா? மூட்டையாக் கட்டித் தரேன், எடுத்துக்க. எங்கம்மா வச்ச பேர ஒருத்தராச்சும் கூப்பிட்டிருக்காங்களா இங்க? நீகூடக் கூப்பிட்டதில்ல. எப்பவும் ‘இந்தா’, ‘இங்க பாரு’தான்.”

அது உண்மை. அன்பரசிக்கு உஷாவின் பேரை வாயால் சொல்வதே பிடிக்காமல் இருந்தது.

உஷா எழுந்தாள். பாவாடையைத் தட்டிக்கொண்டாள். மேசை மேலிருந்த வாக்கியை எடுத்தாள். எல்லாவற்றையும் சொல்லப் போகிறாள். தனக்குத் தானே பேர் வைத்துக்கொண்டது, கோப்பையை ஒளித்து வைத்தது, இல்லாத ஆட்டை உண்டாக்கியது. நாளைக்கு ஆலைக்கு வர முடியாது. பூசைக்கு வர முடியாது. வேண்டாம் என்று கையை நீட்டினாள். உஷா பார்க்கவில்லை. பொத்தானை அமுக்கி ஒரு மூச்சு பொறுத்தாள்.

“எல்லாரும் கேளுங்க. ஆடு, ஆடுன்னு என்னையே கூப்பிடறீங்களே. ஆட்ட ஓட்டிகிட்டு வந்தவ இங்க லேப்ல சும்மா ஒக்காந்திருக்கா. அந்த ஆட்டுக்காரியக் கொஞ்சம் கவனிங்க லா.”

அவ்வளவுதான் சொன்னாள். வாக்கியை அன்பரசியின் முன்னால், மேசை மேல் வைத்தாள். கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

வாக்கி இரைந்தது. சிரிப்பு அடங்கியதும் கேப்டனின் குரல் வந்தது.

“ஆட்டுக்காரி, ஆட்டுக்காரி. பாய்லர் தண்ணி என்னாச்சு?”

அன்பரசி வாக்கியைப் பார்த்தாள். பதில் சொல்லாமல் இருந்தால் கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். அவள் லேப் ஆகவே இருந்துவிடலாம். யாரும் வற்புறுத்த மாட்டார்கள், இந்த ஆலையில் அவளை யாரும் எதற்கும் வற்புறுத்தியதில்லை. ஆட்டுக்காரி. நீளமான பேர். தேய்ந்த செருப்பு மாதிரி ஒரு பேர். தூரம் போகாத இகரத்தில் முடிகிற பேர். அவள் வகுத்த எந்த அளவுக்கும் அது பொருந்தவில்லை. உஷாவின் வாயிலிருந்து வேறு வந்திருக்கிறது. ஆனால் உஷா இதைப் பரிசாகக் கொடுக்கவில்லை, திருப்பி அடித்திருக்கிறாள். பரிசு என்றால் அன்பரசி வாங்கியிருக்க மாட்டாள். அடி என்பது வேறு. அது அவளுக்கென்றே வந்தது, அறைக்கு வந்ததல்ல.

“ஆட்டுக்காரி, ஆட்டுக்காரி,” என்றார் கேப்டன் மறுபடி. உஷாவின் கை வாக்கியை நோக்கி லேசாக அசைந்த மாதிரி இருந்தது. ஒருவேளை தலைமுடியை ஒதுக்கத்தான் எடுத்திருப்பாள்.

அன்பரசி பாய்ந்து எடுத்தாள். அமுக்கினாள். ஒரு மூச்சு பொறுத்தாள்.

“ஆட்டுக்காரி இங்க,” என்றாள். “தண்ணி நல்லாருக்கு கேப்டன். ஆடு குடிக்கலாம்.”

பாய்லர் பக்கமிருந்து வந்த சிரிப்பு வாக்கி இல்லாமலே கேட்டது என்று பிறகு நாகமணி அக்கா சொன்னார். மாலை சட்டைக்குப் பேர் கேட்க அவர் வரவே இல்லை.

பூசை நன்றாக நடந்தது. பாய்லருக்குப் பெரிய மாலை போட்டார்கள். எல்லாரும் முதுகைக் காட்டிப் படம் எடுத்துக்கொண்டார்கள். அன்பரசியின் பேர் நீளம் என்பதால் எழுத்துகளைச் சிறிதாக்கி, ஒரு தோளிலிருந்து மறு தோள்வரை நெருக்கி அச்சடித்திருந்தார்கள். பக்கத்தில் உஷாவின் ‘ரேடியோ’ பெரிய எழுத்தில் இருந்தது. தூரத்திலிருந்து பார்த்தால் அதுதான் முதலில் தெரியும். அன்பரசி படத்தைப் பெரிதாக்கி அதைக் கவனித்தாள்.

மதியம் வேலை இல்லை. உஷா, பபிள் டீ குடிக்கலாமா என்று கேட்டாள். அன்பரசி கொஞ்சம் யோசித்துவிட்டு, “போலாம் உஷா” என்றாள். உஷா அதைக் கவனித்தாளா என்று தெரியவில்லை. இருவரும் சந்தனப் பொட்டோடும் சட்டையோடும் மோட்டார் சைக்கிளில் டவுனுக்குப் போனார்கள்.

கடையில் உஷா மேசை பிடிக்கப் போக, அன்பரசி சொல்ல வேண்டியதைச் சொன்னாள். அந்த மலாய்ப் பெண் பேர் கேட்டாள். ஆட்டுக்காரி என்று எழுத்துக் கூட்டிச் சொல்ல அலுப்பாக இருந்தது. இங்கே வாக்கி இல்லை, வழக்கமும் இல்லை. “ரேவா” என்றாள்.

காத்திருந்தார்கள். உஷா செரண்டாவில் தான் வேலை செய்த இடத்துக் கதை ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

“ரேவா!” என்று கூப்பிட்டாள் அந்தப் பெண்.

இருவரும் எழுந்தார்கள். ஒருவரையொருவர் பார்த்தார்கள். உஷா சிரித்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டாள். ஆனால் அவள்தான் ஒரு கணம் முந்தி எழுந்தாள். அன்பரசி அதைப் பார்த்துவிட்டாள்.

போய் இரண்டு கோப்பைகளையும் எடுத்துக்கொண்டு வந்தாள். மேசையில் வைப்பதற்கு முன் இரண்டையும் வெளிச்சத்தில் பிடித்து, எதில் ஜவ்வரிசி முத்து அதிகமாக இருக்கிறது என்று பார்த்தாள். பிறகு அதைத் தன் பக்கம் வைத்துக்கொண்டாள்.